வெட்கப்படும் கோடு

பாப்பம்மாளைப் பற்றி எழுதும் முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் அதிகம். தப்பு என்னுடையதாக இருக்கும் நாட்களில் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட ஒரு நாளில் ஒரு நர்ஸம்மாவைப் பார்த்து, அத்தனை பேருக்கு முன்னால், இரண்டு வரை எண்ணத் தெரியுமா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொன்னவர் பாப்பம்மாள். அவர் வாயால் சொல்லவில்லை, தன் வேலையை விட்டுக்கொடுத்துச் சொன்னார்.

எங்கள் கம்பெனி டெல்லியில், ஓக்லாவில், ஒரு அச்சகத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. டெங்குக் காய்ச்சலை இருபது நிமிடத்தில் சொல்லிவிடும் ஒரு சின்னப் பட்டையை, எந்த டிஸ்பென்சரியும் யோசிக்காமல் வாங்கும் விலையில் செய்ய வேண்டும். அதுதான் வேலை. கோவிட் காலத்தில் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோமே, அதே ஜாதிப் பட்டைதான். ஒரு சொட்டு ரத்தம், மேலே இரண்டு சொட்டு கரைசல். ஒரு கோடு வந்தால் டெங்கு இல்லை, இரண்டு கோடு வந்தால் டெங்கு. முதல் கோடு எப்போதும் வந்துவிடும். அந்த இரண்டாவது கோட்டுக்காகத்தான் நாங்கள் ஏழு பேர் சம்பளம் வாங்குகிறோம்.

கம்பெனியை ஆரம்பித்தவர் ராஜலக்ஷ்மி மேடம். டெல்லியிலேயே பிறந்து மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கச் சொன்னால் கண்ணாடி எடுத்து வரவில்லை என்பார். பாப்பம்மாள் அவர் வீட்டில் வேலை செய்தவர். சின்னசேலம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் பதினெட்டு வயதில் டெல்லிக்கு வந்து, திரிலோக்புரியில் குடியேறி, ஆறு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கணவர் பெயிண்டர். 2020ல் ஊரடங்கு வந்தபோது குடியிருப்புகளின் கேட்டில் வேலைக்காரிகளை உள்ளே விடக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். ஆறு வீடும் ஒரே நாளில் போயிற்று. ராஜலக்ஷ்மி மேடம் அவரை லேபுக்குக் கூட்டிவந்து கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் வேலை கொடுத்தார். வீட்டுப் பாத்திரத்தில் கறை இருந்தால் திட்டு விழும், இங்கே குப்பியில் கறை இருந்தால் ஒரு மாத ஆராய்ச்சி பாழாகும் என்று நான் முதல் நாளே மிரட்டி வைத்தேன். அவர் கழுவிய குப்பியில் நான் ஒரு நாளும் கறையைப் பார்த்ததில்லை.

அவர் பட்டை படிக்க வந்தது தற்செயல். பட்டையில் எத்தனை கோடு என்று படிப்பவருக்கு, அதில் விட்டது யாருடைய ரத்தம், நோய் உண்டா இல்லையா என்பது தெரியக்கூடாது. தெரிந்தால் கண் விரும்பியதைப் பார்க்கும். படிப்பவர் விஞ்ஞானியாக இல்லாமல் சாதாரண ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் இதைப் பயன்படுத்தப் போவது சாதாரண ஆட்கள்தானே. அன்றைக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. குப்பி கழுவிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எத்தனை கோடு தெரிகிறது, சொல்லுங்கள் என்றேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாற்பது பட்டைகளை வரிசையாகப் பார்த்தார். ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. நாற்பதும் சரி. எம்.எஸ்ஸி. முடித்த எங்கள் பிள்ளைகள் மூன்று நான்கு தப்பு விடுவார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற கண் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து குப்பி கழுவப் போனார்.

மறுநாளும் கூப்பிட்டேன். அப்புறம் தினமும். ஆறு மாதத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி வந்தது. ஒரு கை உடைந்த சுழல் நாற்காலிதான், ஆனால் ஜன்னலுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில். ஒரு வெள்ளைக் கோட்டும் வந்தது. தையல்காரர் பெயரை இந்தியில் தைத்துக் கொடுத்திருந்தார். பாப்பம்மாளுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மகள் உதயாவிடம் காட்டி, தன் பெயர்தானா என்று உறுதி செய்துகொண்டு வந்தார். உதயா நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, தாயின் வேலை என்ற இடத்தில் லேப் டெக்னீஷியன் என்று எழுதியிருக்கிறாள். பாப்பம்மாள் அந்தத் தாளின் நகலை என்னிடம் கொண்டுவந்து, இப்படி எழுதினது தப்பில்லையே சார் என்று கேட்டார். தப்பே இல்லை என்றேன். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் பட்டை பார்த்திருப்பார் என்று கணக்கில்லை. தெளிவான கோட்டுக்கு ரெண்டு என்பார். மங்கலான கோடு வந்தால் பட்டையைத் தூக்கி, வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "ரெண்டுதான் சார், ஆனா வெக்கப்படுது" என்பார். அந்தப் பேச்சு எங்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. ராஜலக்ஷ்மி மேடம்கூட மீட்டிங்கில், வெட்கம் எத்தனை, பக்கா எத்தனை என்று கேட்பார். பீகார்ப் பையன் ஒருவன் அது ஆங்கிலக் கலைச்சொல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

பட்டையின் விலையில் பெரும்பங்கு, வைரஸைப் பிடித்து நிறுத்தும் ஒரு புரதத்துக்குப் போகிறது. அதைக் குறைத்தால் விலை குறையும், கோடும் மங்கும். எனவே மாதாமாதம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாப்பம்மாள் கோடு தெரிகிறது என்று சொல்லும்வரை குறைக்கலாம் என்பது என் சட்டம். கோட்டின் அடர்த்தியை அளக்க ஒரு கேமரா இயந்திரம் உண்டு. அதை வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது, பாப்பம்மா இருக்கும்போது அது எதற்கு என்று நான்தான் சொன்னேன். பதிவேட்டில் ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது ஆள் நான். அவர் ரெண்டு என்று சொல்வது என் காதில் விழும். நானும் எட்டிப் பார்த்து, ரெண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூன்று வருடம் இப்படித்தான் நடந்தது. இதில் ஏதோ தப்பு இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இத்தனைக்கும் முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஒரு வாடகை அறையில் ஆறு வருடம் கிடந்து டாக்டர் பட்டம் வாங்கியவன் நான்.

லேபில் எங்கள் பட்டை நூறு டெங்கு ரத்தத்தில் தொண்ணூற்றாறைப் பிடித்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் செப்டம்பரில், மழை ஓய்ந்து காய்ச்சல் தொடங்கியதும், யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் வெளிச் சோதனை வைத்தோம். அங்கே பட்டையைப் படிப்பது அந்த இடத்து நர்ஸ்தான். அதே நோயாளியின் ரத்தம் பெரிய லேபுக்கும் போகும். அங்கிருந்து மறுநாள் சரியான முடிவு வரும், வந்ததும் வீட்டுக்குப் போன் செய்வார்கள். பத்து நாளில் பெரிய லேப் தொண்ணூறு பேருக்கு டெங்கு என்றது. எங்கள் பட்டை அதில் ஐம்பத்தெட்டைத்தான் காட்டியிருந்தது.

முப்பத்திரண்டு பேரைத் தவறவிட்டிருக்கிறோம். எனக்குத் தலை கொதித்தது. கிளம்பி நேரே டிஸ்பென்சரிக்குப் போனேன், புதுப் பட்டைகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாப்பம்மாளும் வந்தார். அங்கே கம்லேஷ் என்ற நர்ஸம்மா, ஐம்பது வயது இருக்கும், கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து விரல் நுனியில் குத்திக்கொண்டிருந்தார். வரிசை வாசல் தாண்டி நின்றது. நான் போய் அவரிடம் இந்தியில் கேட்டதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கையிலிருந்த பட்டையை என் பக்கம் நீட்டி, கோடு கண்ணுக்குத் தெரிந்தால்தானே எண்ணுவேன் என்றார். பிறகு எதிரே நின்ற ஒரு பெண்ணிடம், குழந்தைக்கு டெங்கு இல்லை, காய்ச்சல் மாத்திரை கொடு, போ என்று அனுப்பிவைத்தார். அந்தப் பெண் சாமியைக் கும்பிடுவதுபோலக் கும்பிட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். மேசையில் கிடந்த அந்தப் பட்டையைப் பாப்பம்மாள் குனிந்து பார்த்தார், கண்ணைச் சுருக்கினார். எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியிலும் பேசவில்லை. நான் பேசிக்கொண்டே வந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

அடுத்த நான்கு நாள் நான் எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். உறையில் ஈரம் புகுந்துவிட்டது என்றேன், கரைசல் வெயிலில் கெட்டது என்றேன், வண்டிக்காரன் பெட்டியை வெயிலில் வைத்தான் என்றேன். ஒவ்வொன்றாகச் சோதித்தோம், எதுவும் கெடவில்லை. திருப்பிக் கொண்டுவந்த பட்டைகளில் லேபில் இருந்த டெங்கு ரத்தத்தை விட்டுப் பாப்பம்மாளிடம் கொடுத்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அப்படியானால் நர்ஸுக்குத்தான் கண் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதவும் தொடங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் லேப் வாசலில் கூட்டம். கீழ் அச்சகத்திலிருந்து ஐந்து பேரை, கை மையோடு, பாப்பம்மாள் மேலே கூட்டி வந்திருந்தார். ஒரு தட்டில் பட்டைகளை வைத்து, தொடாமல் பார்த்துச் சொல்லுங்க அண்ணா என்று ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். தட்டில் இருந்ததெல்லாம் அவர் ரெண்டு என்று படித்த பட்டைகள். நாள் முழுக்க நிறம் பார்த்து மை கலக்குகிற மெஷின்காரர், ஒவ்வொன்றுக்கும் "ஏக் ஹீ ஹை" என்றார். ஒன்றுதான் இருக்கிறதாம். மற்ற நான்கு பேரும் அதையேதான் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் ஒரு பட்டையில் ஏதோ அழுக்கு மாதிரி இருக்கிறது என்றார்.

அவர்களை அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். ஜன்னல் மேசையில் இரண்டு பட்டை இருந்தன.

"சார், இதுல எத்தினி, அதுல எத்தினி, சொல்லுங்க."

பார்த்தேன். இரண்டிலும் கோடு மங்கலாக, ஆனால் இருந்தது. ரெண்டு, ரெண்டு என்றேன்.

"இந்தப் பக்கம் இருக்கறது பச்சை மூடி சார்."

பச்சை மூடி போட்ட குப்பி என்றால் நோயே இல்லாத ரத்தம். முன்பு குப்பிகளைக் கழுவி அடுக்கியவர் என்பதால் அவருக்கு மூடியின் நிறம் தெரியும். திரும்பப் பார்த்தேன். ஒரு கோடுதான் இருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் நான் பார்த்த இரண்டாவது கோடு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. டெங்கு ரத்தம் விட்டிருந்த இன்னொரு பட்டையைப் பார்த்தேன். அதிலும் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல சார். மூணு வருசமா என் வாயப் பாத்து எழுதியிருக்கீங்க. நான் ரெண்டுன்னா உங்களுக்கும் ரெண்டாத் தெரியுது. என் கண்ணு கெட்டுப்போச்சு சார். நல்லாத் தெரிஞ்சி தெரிஞ்சியே கெட்டுப்போச்சு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அது அவருடைய நாற்காலி என்பது பிறகுதான் உறைத்தது. மாதாமாதம் அவர் கண் கூர்மையாகிக்கொண்டே போயிருக்கிறது, அதை நம்பி மாதாமாதம் நான் புரதத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஒரு பட்டை செய்வதாக நினைத்து, உலகத்தில் ஒரே ஒரு பெண்ணால் மட்டும் படிக்கக்கூடிய பட்டையைச் செய்து வைத்திருந்தேன்.

டிஸ்பென்சரிக்குப் போன அன்றைக்கே தெரிந்துவிட்டதா, ஏன் நான்கு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதும் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்காமல் வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டே பேசினார். டிஸ்பென்சரி மேசையில் கிடந்த பட்டையில் கோடு இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தது. சொன்னால் நாற்காலி போய்விடும். உதயா காலேஜில் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். அதனால் சொல்லவில்லை. மறுநாள் பெரிய லேபிலிருந்து அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போன் போயிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டாராம். உண்மைதான், போன் போனது, குழந்தையும் பிழைத்துக்கொண்டது.

"ஆனா நாளைக்கு சின்னசேலத்துக்கு இந்த டப்பா போவும் சார். பெரிய லேப் போவாது. நானும் போவ மாட்டன். டப்பா மட்டுந்தான் போவும்."

அழுதேன் என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

ராஜலக்ஷ்மி மேடத்திடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை, பிறகு பயந்தார். அனுமதி கேட்டு அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் தயாராக இருந்தன. புரதத்தைக் கூட்டினால் விலை ஏறும், எல்லாச் சோதனையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒரு காய்ச்சல் பருவம் வீணாகும். மங்கலான கோட்டையும் பார்க்க நர்ஸுகளுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்டார். பாப்பம்மாள்தான் பதில் சொன்னார். தனக்கு இந்தக் கண் வர மூன்று வருடம் ஆயிற்று, வரிசையில் நூறு பேர் நிற்கும்போது நர்ஸுக்குக் கண்ணைச் சுருக்க நேரம் ஏது என்றார். கண்ணைச் சுருக்காமல் பார்த்தால் தெரிய வேண்டும், அப்படித் தெரிந்தால்தான் கோடு. பட்டையையே பார்த்திராத ஆட்களை மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து உட்கார வையுங்கள் என்றார்.

மேடம் தன் டெல்லித் தமிழில், "அச்சா, அப்போ நீ எங்கே உக்காருவே பாப்பம்மா?" என்று கேட்டார்.

"குப்பி கழுவறதுக்கு நிக்கத்தான மேடம் வேணும்," என்றார் பாப்பம்மாள்.

புதுச் சட்டம் எழுதியது நான். ஒரு மாதத்துக்கு மேல் யாரும் படிப்பவராக இருக்கக்கூடாது, இரண்டு பேரும் வேறு வேறு அறையில் படிக்க வேண்டும், பட்டை செய்கிறவன் படிக்கவே கூடாது. ஒவ்வொரு வரியும் எனக்கு நானே போட்டுக்கொண்ட அபராதம். பாப்பம்மாளின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று சண்டை போட்டு அதில் மட்டும் ஜெயித்தேன். பதவி லேப் உதவியாளர் என்று மாறிவிட்டது. உதயா இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லையாம். மூன்றாம் நாள், அடுத்த வருட ஃபாரத்தில் என்ன எழுதட்டும் என்று வெடுக்கென்று கேட்டிருக்கிறாள். என்ன செய்கிறேனோ அதை எழுது என்றாராம் பாப்பம்மாள். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. வெள்ளைக் கோட்டை மடித்து என் மேசையில் வைத்தார். நான் அதைத் திரும்ப அவர் கையில் கொடுத்தேன். குப்பி கழுவும்போது அதைப் போட மாட்டேன், நனைந்துவிடும் என்று பையில் எடுத்துப்போனார்.

ஒவ்வொரு மாதமும் புது ஆட்களைப் பிடித்து வருவது அவர் பொறுப்பு. மோமோ விற்பவர், இ-ரிக்‌ஷாக்காரர், தையல்காரர், எதிர்க் கட்டடத்துக் காவலாளி என்று ஓக்லாவில் பாதிப் பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அவர்கள் படிக்கும்போது பாப்பம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். தன் முகத்தைப் பார்த்து யாரும் பதில் சொல்லிவிடக் கூடாதாம். புரதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. விலையும் ஏறியது, நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை.

போன செப்டம்பரில் அதே டிஸ்பென்சரிக்குப் போனோம். கம்லேஷ் அதே நாற்காலியில் இருந்தார். முதல் வேலையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படியாகவே. எதற்கு என்று அவருக்கு நினைவில்லை. அவரைத் திட்டுகிறவர்கள் அவ்வளவு பேர் போலிருக்கிறது. சீக்கிரம் பெட்டியைத் திறங்கள் என்றார்.

பாப்பம்மாளும் நானும் சுவரோரமாக நின்றோம். பேசக்கூடாது என்பது எங்களுக்கும் சட்டம். முதல் ஆள் ஒரு கட்டட வேலைக்காரர். ரத்தம் எடுத்து, கரைசல் விட்டு, பட்டையை வரிசையில் வைத்துவிட்டுக் கம்லேஷ் அடுத்தடுத்த ஆட்களைக் கவனித்தார். இருபது நிமிடம் ஆனதும் மணி அடித்தது. அவர் ஒரு கையால் யாரோ ஒரு குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டே, மூக்குக் கண்ணாடியைக்கூட ஏற்றிவிடாமல், ஓரக்கண்ணால் பட்டையைப் பார்த்தார். தோ ஹை, ரெண்டு இருக்கிறது, டெங்கு, அந்தப் பக்கம் போய் உட்கார் என்று அந்த ஆளை அனுப்பிவிட்டு அடுத்த பட்டைக்குப் போனார். மறுநாள் பெரிய லேபும் அதையேதான் சொன்னது.

நான் பாப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பட்டையைப் பார்க்கவே இல்லை. கம்லேஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"பாத்தீங்களா சார், அந்தம்மா கண்ணச் சுருக்கவே இல்ல."

பிறகு காலிப் பெட்டிகளை அடுக்கி எடுக்கக் குனிந்தார். அன்றைக்கு அவரைத் தூக்கவிடாமல் அவற்றை நானே தூக்கிக்கொண்டேன்.